பனிக்கு ஒரு வயது, உள்ளிருக்கும் காற்றுக்கு வேறு வயது

எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கும் திருநெல்வேலி வாசகி ஒருவர் எழுதியிருந்தார். "சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழகத்தில் துருவப் பனியை ஆராயும் குழு இருக்கிறதே, அதில் முனைவர் பட்டத்துக்கு முயற்சி செய்யலாமா சார்? பனியை ஃப்ரிட்ஜுக்குள் தவிர நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அங்கே என்னதான் வேலை இருக்கும்?"

தாராளமாக முயற்சி செய்யலாம். அந்தக் குழுவைத் தொடங்கிய ஹான்ஸ் ஓஷ்கரே அடிப்படையில் மிக மெல்லிய கதிரியக்கத்தை அளப்பதில் கெட்டிக்காரர்; அளக்க நல்ல சரக்கு தேடிப் பனிக்கு வந்தவர். அங்கே இயற்பியல் தெரிந்த ஆளுக்கு எப்போதும் வேலை உண்டு. என்ன வேலை என்பதற்குத்தான் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

முதல் பாதி உங்களுக்குத் தெரிந்ததே. அண்டார்க்டிக்காவின் நடுப்பகுதியில் விழும் பனி உருகுவதில்லை. வருடா வருடம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. துளைத்து எடுத்தால் கீழே போகப் போகப் பழைய காலம். அங்கே கான்கார்டியா ஆய்வு நிலையத்தருகே எபிகா என்ற ஐரோப்பியத் திட்டத்தில் 3 கிலோமீட்டருக்கு மேல் துளைத்து 8 லட்சம் ஆண்டுப் பனியை எடுத்தார்கள். அதன் அடுத்த கட்டம் 2025 ஜனவரியில் 2,800 மீட்டரில் அடிப்பாறையைத் தொட்டு, 12 லட்சம் ஆண்டுகளுக்கும் அப்பால் போயிருக்கிறது. பனிக்குள் குமிழ்களாக அக்காலத்துக் காற்று இருக்கிறது. நசுக்கினால் வெளியே வரும், கார்பன் டை ஆக்ஸைடு எவ்வளவு என்று அளந்துவிடலாம்.

"அக்காலத்துக் காற்று" என்றேனே, அங்கேதான் இடிக்கிறது. எக்காலம்?

வீட்டில் படியால் அரிசி அளந்திருப்பீர்கள். தளதளவென்று நிரப்பிவிட்டுப் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் அரிசி இறங்கும். இன்னும் ஒரு பிடி பிடிக்கும். எவ்வளவு தட்டினாலும் ஒரு நிலைக்குமேல் இறங்காது. துருவப் பனியும் முதலில் இதைத்தான் செய்கிறது. மேற்பரப்பில் ஒரு கனமீட்டர் 300, 350 கிலோ எடை. மேலே விழும் பனியின் பாரத்தில் மணிகள் நகர்ந்து, சரிந்து, இண்டு இடுக்கில் உட்கார்ந்து 550 கிலோ வரை வரும். திடப் பனிக்கட்டி 917 கிலோ. ஆகவே 60 சதவீதம் பனி, மிச்சம் காற்று. படியில் தட்டும் விளையாட்டு அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு எப்போதும் அலுக்காதது. செங்கல் சூளையில் மண் உருகி ஓடுவதில்லை. ஆனாலும் துகள்கள் தொட்ட இடத்தில் ஒட்டிக் கல்லாகின்றன. மைனஸ் 50 டிகிரியில் கிடக்கும் பனிக்கும் அதே கதிதான். நமக்கு அது உயிரை உறிஞ்சும் குளிர். பனியைக் கேட்டால் வேறு சொல்லும். கெல்வினில் பாருங்கள்: உருகுநிலை 273, இருக்கும் இடம் 223. உருகுநிலையில் 82 சதவீதம்! இரும்பை அதே விகிதத்துக்குக் காய்ச்சினால் ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸ். கொல்லன் பட்டறையில் மஞ்சளாகப் பழுத்து, சம்மட்டிக்கு வளைந்து கொடுக்கும் இரும்பு. பனியைப் பொறுத்தவரை அண்டார்க்டிக்கா ஓர் உலைக்களம். மூலக்கூறுகள் இடம்பெயர்கின்றன, மணிகள் தொடும் இடத்தில் கழுத்துப் போலத் தடிக்கின்றன, நடுவிலுள்ள இடைவெளி குறுகிக்கொண்டே போகிறது.

முழுப் பனிக்கட்டியாகாத இந்த இடைப்பட்ட சரக்குக்கு ஃபிர்ன் என்று பெயர். அதன் துளைகள் ஒன்றோடொன்று இணைந்தே இருப்பதால் மேலே வீசும் காற்று உள்ளே இறங்கும், ஏறும். ஏறத்தாழ 830 கிலோ அடர்த்தியில்தான் கடைசித் துளைகளும் மூடிக் குமிழாகின்றன. கிரீன்லாந்தின் உச்சியில் இதற்கு 70, 80 மீட்டர் ஆழம் வேண்டும். கான்கார்டியா பக்கம் சுமார் 100 மீட்டர். அங்கே வருடத்துக்கு விழும் பனியை உருக்கினால் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர்கூடத் தேறுமா என்பது சந்தேகம். 100 மீட்டர் சேர எத்தனை காலம் ஆகும்! குமிழ் மூடும்போது அதைச் சுற்றியுள்ள பனி 2,000 வயதைத் தாண்டியிருக்கும். உள்ளே இருக்கும் காற்றோ நேற்று வந்தது மாதிரி. கிரீன்லாந்தில் இந்த வித்தியாசம் சில நூறு ஆண்டுதான். பனியுகத்தில் பனிப்பொழிவு இன்னும் குறைவு, வித்தியாசம் இன்னும் அதிகம். இந்தக் கணக்கை 1984இல் முறையாகப் போட்டுக் காட்டியவர்கள் பெர்னின் ஷ்வாண்டரும் ஸ்டாஃபரும்.

இதனால் வந்த தலைவலி லேசானதல்ல. பழைய வெப்பநிலை பனியின் நீர் மூலக்கூறுகளிலிருந்து கிடைக்கிறது. கார்பன் டை ஆக்ஸைடு குமிழிலிருந்து. இரண்டும் இரண்டு கடிகாரம். பனியுகம் முடிந்தபோது முதலில் வெப்பம் ஏறி, சில நூறு ஆண்டு கழித்தே வாயு ஏறியது என்று முன்பு கணக்கிட்டார்கள். "பார்த்தீர்களா, வாயுவுக்கும் வெப்பத்துக்கும் சம்பந்தமில்லை" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. (பூமியின் சுற்றுப்பாதை மாற்றம்தான் பனியுகங்களுக்குத் தாளம் போடுகிறது. அது பல்லாயிரம் ஆண்டு வேலை. ஜூலை வந்தால் "அப்ஹீலியன், பூமி சூரியனை விட்டுத் தள்ளிப் போகிறது, ஆகஸ்ட் வரை குளிரும், கஷாயம் குடியுங்கள்" என்று வாட்ஸப்பில் அனுப்பும் மாமாக்கள் இதைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.)

தீர்த்து வைத்தது நைட்ரஜன். யாரோடும் வம்புக்குப் போகாத வாயு. பல லட்சம் ஆண்டாக வளிமண்டலத்தில் அதன் கலவை மாறவில்லை. ஆனால் ஃபிர்னுக்குள் அசையாமல் நிற்கும் காற்றில், நைட்ரஜன்-15 என்ற கொஞ்சம் கனமான ரகம் ஈர்ப்புவிசையால் மிகச் சிறிதளவு அடியில் தங்குகிறது. 70 மீட்டருக்குப் பத்தாயிரத்தில் மூன்று பங்கு கூடுதல், அவ்வளவே. அதை அளந்துவிட்டால், குமிழ் மூடிய நாளில் மேலே எத்தனை மீட்டர் ஃபிர்ன் இருந்தது என்பது தெரிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு பாரோமீட்டர் சூத்திரம்தான்! 2013இல் இந்த வழியில் கடைசிப் பனியுக முடிவை மறுபடி கணக்கிட்டபோது, அண்டார்க்டிக்காவில் வெப்பமும் வாயுவும் ஏறக்குறைய சேர்ந்தே ஏறியது தெரிந்தது.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். துருவத்துக்கு விமானம் ஏறுவது அபூர்வம். பெரும்பாலான நாள் குளிர் அறையில் கழியும். 55 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பனி வரும். துளையிடும் திரவம் பட்ட வெளிப்புறத்தை ரம்பத்தால் சீவ வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடுக்கு ஒரு தடவைக்கு 8 கிராம் போதும். உருக்கக் கூடாது, சிப்பி ஓட்டில் எலுமிச்சை பிழிந்தால் நுரைப்பதுபோல, பனியிலுள்ள தூசியின் கார்பனேட் தண்ணீரில் அமிலத்தோடு சேர்ந்து புது வாயுவைக் கிளப்பிவிடும். வெற்றிடத்தில் எஃகு ஊசிகளால் பொடித்து, வரும் காற்றை லேசரில் பார்ப்பார்கள். இப்படி ஒவ்வொன்றாகப் பொடித்துத்தான் 2008இல் எட்டு லட்சம் ஆண்டு வரைபடத்தை முடித்தார்கள். அதில் எங்குமே 300 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 300 பங்கு) தாண்டவில்லை. இன்று 420க்கு மேல்.

அங்கே ஆராய்ச்சி மாணவருக்கு ஊழியராகச் சம்பளம் உண்டு. என் காலத்தில் உதவித்தொகை ஏழு மாதம் தாமதமாக வந்தது. மெஸ் பாக்கிக்குப் பயந்து பின்வாசலால் போய் வந்தேன். அந்தக் கசப்பில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பொறுமை தேவைப்படும் அறிவியலுக்கு மாதச் சம்பளம் முதல் தேதி வர வேண்டும். நம் நாட்டிலும் கோவாவில் தேசிய துருவ, கடல் ஆராய்ச்சி மையம் பனித்தண்டுகளை ஆராய்கிறது. அங்கேயும் ஒரு மனு போட்டு வையுங்கள்.

பெர்னுக்கு எழுதும்போது "சிறு வயதிலிருந்தே பனி மீது ஆசை" என்று தொடங்காதீர்கள். துளைகள் வழியே வாயு பரவுவதற்கு ஒற்றைப் பரிமாணச் சமன்பாட்டை எழுதி, பைத்தானில் ஓட்டி, 100 மீட்டர் ஆழத்தில் நைட்ரஜன்-15 எவ்வளவு என்று ஒரு படம் வரைந்து இணையுங்கள். ஒரு வார இறுதி போதும்.