நெஞ்சுவலிக்காரரை முதலில் பார்ப்பவர் யார்?

சேலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்று ஒருவரை எந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாலும், பெரும்பாலும் அவரை முதலில் பார்ப்பது ஒரு டியூட்டி டாக்டர், ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஈசிஜி எடுக்க ஒரு டெக்னீஷியன், அவ்வளவுதான். இதய நிபுணர் வீட்டில் இருப்பார், வாட்ஸாப்பில் வரும் ஈசிஜி படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார். ஈசிஜி எடுக்க வேண்டும் என்று தோன்றுவது, லீடுகள் என்னும் ஈசிஜி கம்பிகளைச் சரியான இடத்தில் ஒட்டுவது, படத்தோடு நோயாளியைப் பற்றி நாலு வார்த்தை ஒழுங்காகச் சொல்வது எல்லாமே முன்னால் நிற்பவர்கள் கையில்தான் இருக்கிறது. பொது மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டே இவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறவள் நான். பட்டம் வாங்கியபிறகு இதய நோயாளியைப் பார்க்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்று நான் சொல்வது முதலில் இவர்களுக்காகத்தான்.

நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு சரிந்து விழுகிற நோயாளிகள் சினிமாவில்தான் அதிகம். அம்மாப்பேட்டை தறிக்காரரும் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரரும் நடந்தே உள்ளே வருவார்கள். "ஐயா, எங்க வலிக்குது?" என்று நர்ஸ் கேட்டால், "வலின்னு இல்லம்மா, நெஞ்செல்லாம் கரிக்குது, சோடா குடிச்சேன், ஏப்பம் வந்துச்சு, ஆனா பாரம் எறங்கல" என்பார்கள். அதைக் கேட்டதும் வாயு என்று எழுதி ஊசி போட்டு அனுப்புவது மிக எளிது. சர்க்கரை உள்ளவர்கள், பெண்கள், வயதானவர்கள் பலருக்கு வலியே பெரிதாக இருக்காது, மூச்சு வாங்கும், வியர்க்கும், வாந்தி வரும், காரணம் சொல்லத் தெரியாத அசதி இருக்கும். தாடைக்கும் தொப்புளுக்கும் நடுவில் எந்தத் தொந்தரவு என்றாலும், நடுத்தர வயது தாண்டியவர் என்றால், முதலில் ஈசிஜி எடுத்துவிட்டு அப்புறம் கதை கேளுங்கள் என்றுதான் வகுப்பில் சொல்வேன். வாசலில் நுழைந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து, அதை ஒருவர் பார்த்தும் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. பதிவுச் சீட்டு போட்டு, முன்பணம் கட்டி வரச் சொன்னால் அந்த 10 நிமிடம் அங்கேயே போய்விடும்.

ஈசிஜி எடுப்பதே ஒரு திறமை என்று பலரும் நினைப்பதில்லை. நெஞ்சில் ஒட்டும் லீடுகளில் வி1, வி2 இரண்டும் நாலாவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும், விரலால் தடவி எண்ணித்தான் ஒட்ட வேண்டும். எண்ணாமல் ஒட்டினால் அவை மேலே ஏறிவிடும், இல்லாத மாரடைப்பு இருப்பது போலவும் தெரியலாம். பெண்களுக்கு இது இன்னும் மோசம். சுற்றிலும் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள், திரை இல்லை, அந்த அம்மா சேலையை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார், எடுப்பவருக்கும் கூச்சம், கடைசியில் வி4, வி5 இரண்டும் எங்கேயோ ஒட்டப்படுகின்றன. ஒரு திரையும் ஒரு பெண் ஊழியரும் இருந்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது. கையில் மாட்டும் லீடு வலது இடது மாறிப்போனால் ஈசிஜி படத்தில் லீடு 1 என்ற வரி தலைகீழாக வரும், அதையும் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதயத்தின் கீழ்ப்பக்க மாரடைப்பு என்று ஈசிஜியின் லீடு 2, 3, ஏவிஎஃப் வரிகள் காட்டினால், வலது பக்க மார்பிலும் ஒரு லீடு வைத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதயத்தின் வலது கீழறையும் சேர்ந்து அடிபட்டிருக்கும்போது வழக்கம் போல நாக்குக்கு அடியில் ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரை வைத்தால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கிவிடும். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை போட்டவருக்கும் இதே ஆபத்துதான், அதை மனைவி மக்கள் எதிரில் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள், தனியாகக் கேட்க வேண்டும். முதல் ஈசிஜி நார்மல் என்பதால் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. வலி தொடர்ந்தால் 15, 20 நிமிடத்தில் மறுபடி எடுக்க வேண்டும். இதயத் தசை அடிபட்டால் வெளிவரும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் பிடிக்கும், அதனால் வந்தவுடன் எடுத்த ஒரே ஒரு பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, எல்லோரும் படித்துத்தான் பாஸ் செய்தார்கள். ஆனால் எதிரில் ஒருவர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது நினைவுக்கு வர வேண்டுமே, அதற்குத்தான் பயிற்சி.

மலைமேல் இருப்பவர்களை நினைத்தால் இது இன்னும் உறைக்கும். நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு வலி வந்தால், முதலில் வண்டி கிடைக்க வேண்டும், அப்புறம் ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவு, அடிவாரம், அஸ்தம்பட்டி நெரிசல். மாரடைப்பு என்று தெரிந்த 120 நிமிடத்துக்குள் அடைப்பை ஆஞ்சியோபிளாஸ்டியில், அதாவது ரத்தக்குழாய்க்குள் பலூன் விட்டு, திறக்க முடியும் என்றால் அதுதான் சிறந்தது. முடியாது என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டுவிட்டு, 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேப் உள்ள இடத்துக்கு அனுப்பி ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும். இந்த முறையைத் தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து நடந்த அந்த ஆய்வு 2017ல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தது, மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2023ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் இது வாயு இல்லை, இதயம்தான் என்று அங்கே இருக்கும் நர்ஸுக்குப் பட வேண்டும், பட்டால்தான் மாத்திரை டப்பா திறக்கும். வலி முதுகைக் கிழிப்பது போல இருக்கிறது என்றால் இரண்டு கையிலும் பிரஷர் பார்க்க வேண்டும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிழிந்திருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி ஆளையே கொன்றுவிடும்.

பிசியோதெரபிஸ்டுகளை நாம் மறந்தே போகிறோம், எனக்கு இது பெரிய வருத்தம். பைபாஸ் முடிந்தவரை வார்டில் எழுப்பி நடக்கவைப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது என்றே பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். ஆறு நிமிட நடைப் பரிசோதனையைச் சமதளமான வராந்தாவில்தான் செய்வோம். அதில் நன்றாக நடந்த ஒருவர் ஏற்காட்டில் தன் வீட்டுக்குப் போனால், தண்ணீர்க் குழாய்க்கே மேடு ஏற வேண்டியிருக்கும், மேட்டில் ஏற இதயத்துக்கு ஆகிற வேலை வேறு கணக்கு. வீடு எப்படி இருக்கிறது, எத்தனை படி, சுமை தூக்கும் வேலையா என்று கேட்காமல் உடற்பயிற்சி எழுதிக்கொடுக்கக் கூடாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு நாடித்துடிப்பை மட்டும் வைத்து அளவு சொல்லவும் முடியாது, மாத்திரை அதை அடக்கிவைத்திருக்கும். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவரையே 6 முதல் 20 வரை எண் சொல்லவைக்கும் போர்க் அளவுகோல் அங்கேதான் உதவும். இதயம், நுரையீரல் பிரிவில் எம்பிடி என்ற பிசியோதெரபி முதுநிலைப் படிப்பை இரண்டு வருடம் படித்தவர்களுக்கு இது தெரியும், அவர்களை முழங்கால் வலிக்கு மட்டும் உட்கார வைத்திருப்பது வீண்.

சரி, எங்கே படிப்பது? எம்டி மூன்று வருடம், அதற்கு மேல் டிஎம் இதயவியல் மூன்று வருடம் என்பது எல்லோருக்கும் வாய்க்காது. நர்ஸ்களுக்கு இதய அறுவைப் பிரிவில் ஒரு வருட டிப்ளமோவும், தீவிர சிகிச்சையில் இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் இருக்கின்றன. உயிர்காக்கும் முதலுதவிக்கான பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் சான்றிதழ்கள் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், திரும்ப எடுக்க வேண்டும், அது தொந்தரவு என்று நினைக்காதீர்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அழுத்துவது கை மறந்துபோகிற விஷயம். எந்தப் படிப்பில் சேருவதாக இருந்தாலும் கட்டணம் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: நோயாளியின் படுக்கை ஓரத்தில் என்னை நிற்கவைத்துச் சொல்லித்தருவீர்களா, நான் படித்த ஈசிஜியை யாராவது திருத்துவார்களா? மொபைலில் வீடியோ மட்டும் ஓடுகிற படிப்பு என்றால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன், பயிற்சியை வேலை நேரத்துக்குள் வையுங்கள். நைட் டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஈசிஜியில் மாரடைப்பைக் காட்டும் எஸ்டி எலிவேஷன் பற்றிப் பேசி எதுவும் ஏறாது.

படிக்கிறவர்களில் டாக்டரோ நர்ஸோ இல்லாதவர்களும் இருப்பீர்கள். வீட்டில் இதய நோயாளி இருந்தால் அவருடைய கடைசி ஈசிஜியையும் மாத்திரைச் சீட்டையும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவர் ஃபோனிலும் உங்கள் ஃபோனிலும். ஈசிஜி தாள் சில வருடத்தில் வெளுத்துவிடும். ராத்திரி டியூட்டியில் இருப்பவருக்கு, இந்த மாற்றம் பழையதா, இன்றைக்கு வந்ததா என்று முடிவு செய்ய அந்தப் பழைய படத்தைப் போல உதவுவது வேறில்லை.