பிரேக் பாகங்களில் துரு: எதைச் சுத்தம் செய்யலாம், எதைக் கழித்துவிட வேண்டும்

பழைய காரைப் புதுப்பிக்கக் கொண்டுவருபவர்கள், சக்கரத்தின் இடைவெளியில் தெரியும் கேலிப்பரின் (சுழலும் டிஸ்க்கை இருபுறமும் பேட்களால் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) செந்துருவைக் காட்டித்தான் பெரும்பாலும் கவலைப்படுகிறார்கள். பல ஆண்டுகளாகப் பிரேக் வேலை செய்துவரும் எனக்கு அந்தத் துரு பெரிய அச்சம் தருவதில்லை. தடித்த வார்ப்பிரும்பின் வெளிப்பரப்பில் படிந்தது, முறையாக நீக்கிப் பூச்சு கொடுத்தால் அடங்கிவிடும். கழற்றினால் மட்டுமே கண்ணில் படும் துருவைப் பற்றித்தான் நான் எச்சரிக்க விரும்புகிறேன்.

டிஸ்க் பிரேக்கில், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல், கேலிப்பர் உடலிலுள்ள பள்ளத்தில் அமர்ந்திருக்க, பிஸ்டனின் மேற்பரப்பு அதை உரசியபடி நகர்கிறது. ஆகவே பிஸ்டனின் குரோம் பூச்சில் துரு குழி விழுந்திருந்தால், உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்ய முயலாமல் அதை மாற்றிவிட வேண்டும். டிரம் பிரேக்கில் ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும் வீல் சிலிண்டரில் நிலைமை நேர்மாறானது. அங்கே ரப்பர் கப், சிலிண்டரின் உட்சுவரில் உரசுவதால், உட்சுவரில் விரல் நகம் இடறும் அளவுக்குக் குழி இருந்தாலே முழுச் சிலிண்டரையும் கழித்துவிடுகிறேன். துரு அரித்த இரும்புப் பிரேக் குழாய்க்கும், லைனிங்குக்கு (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) அடியில் துரு புகுந்து அதை மேலே தூக்கிவிட்ட ஷூவுக்கும் இதே முடிவுதான்.

வேலையைத் தூசியிலிருந்து தொடங்க வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், காற்றழுத்தத்தால் ஊதாமல், உரிய முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ரப்பர் பாகங்கள் அனைத்தையும் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிய பிறகே துருவில் கை வைக்கலாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தெளித்த பாகத்தை வெல்டிங் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அந்தச் சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும்.

வார்ப்பிரும்புப் பாகங்களுக்கு எனக்குப் பிடித்த முறை மின்பகுப்பு. சலவைச் சோடா கரைத்த நீரில் பாகத்தை மூழ்கவைத்து, 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையை அதோடும், நேர்முனையை வேண்டாத இரும்புத் தகட்டோடும் இணைத்தால், நல்ல இரும்பு தேயாமல் துரு மட்டும் இளகும். தகட்டுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தொங்கவிட்டால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு எழும். எப்படிச் செய்தாலும் ஹைட்ரஜன் வெளிவருவதால், காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி நெருங்காமல் செய்ய வேண்டும். அலுமினியக் கேலிப்பரை இந்தக் கரைசல் அரித்துவிடும். ஸ்பிரிங்குகளையும் உயர்வலுப் போல்ட்டுகளையும் மின்பகுப்பிலோ அமிலத்திலோ ஊறவைக்காதீர்கள்; ஹைட்ரஜன் உட்புகுந்து, பார்வைக்குப் புதிது போலிருக்கும் ஸ்பிரிங் ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும்.

கரைசலிலிருந்து எடுத்த இரும்பு கொஞ்ச நேரத்திலேயே மீண்டும் செம்மை பூக்கும் என்பதால், கழுவி உடனே உலர்த்திப் பிரைமர் அடித்துவிட வேண்டும். அதன்மேல் வெப்பம் தாங்கும் கேலிப்பர் பெயிண்டை மெல்லிய அடுக்குகளாகப் பூசலாம். பூச்சை விட முக்கியம், பூசாமல் விடவேண்டிய இடங்களை மறைத்துக்கொள்வதுதான். சிலிண்டரின் உட்புறம், சீல் பள்ளம், கேலிப்பர் வழுக்கி நகர உதவும் ஸ்லைடு பின்னின் துளை, காற்றை வெளியேற்றும் திருகான பிளீடர் அமரும் இடம், பேட் அமரும் தடம் ஆகியவற்றில் ஒரு துளியும் படக்கூடாது. டிஸ்க்கும், சக்கரம் பொருந்தும் மையப் பாகமான ஹப்பும் சேரும் முகத்தில் தடித்த பெயிண்ட் இருந்தால், அது நாளடைவில் நசுங்கிச் சக்கர நட்டுகளின் இறுக்கத்தைத் தளர்த்திவிடும்.

உரிமையாளர் தம் கையாலேயே மிக அழகாக வண்ணம் பூசிய ஒரு கார் என்னிடம் வந்தது. பேட் தடத்திலும் இரண்டு மூன்று கோட் ஏறியிருந்ததால் ஒரு பேட் பின்வாங்க முடியாமல் சிக்கி, டிஸ்க் அதிகச் சூட்டால் நீலம் பாய்ந்து போயிருந்தது. அத்தனை உழைப்பும் வீணாகக் கூடாதே என்று, அந்தத் தடத்தை மட்டும் வெற்று இரும்பு தெரியும்வரை அரத்தால் சுரண்டினேன்; டிஸ்க்கை மாற்ற வேண்டியதாயிற்று.

பொருத்தும்போது புதிய சீல்களையே போடுங்கள். அவற்றுக்குச் சாதாரண கிரீஸ் ஆகாது, ரப்பர் ஊதிவிடும். புதிய பிரேக் ஆயில் தடவிச் செருகுவதே போதும். டாட் 3, டாட் 4 ஆயில்கள் பெயிண்டை உரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர்விட்டுக் கழுவுங்கள். பிரேக் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றி, பிரேக் மிதி கெட்டியாக இருப்பதை உறுதிசெய்தபின், ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், தொடாமல், கையைக் கொண்டுபோங்கள். ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் வீசினால், அன்றைக்கே அந்தச் சக்கரத்தைத் திரும்பக் கழற்றிப் பேட் தடத்தையும் ஸ்லைடு பின்னையும் பாருங்கள்.