வாய்மொழி உத்தரவுக்குக் கடையை எடுக்காதீர்கள்: பேரூராட்சியில் தொழில் உரிமமும் தெருக்கடைச் சான்றும்

குன்னூர்ப் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி மக்காச்சோளம் அவித்து விற்ற ஓர் அக்காவைப் பல ஆண்டுகளாக எனக்குத் தெரியும். கோடை சீசன் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் காலை பேரூராட்சி டிராக்டர் வந்தது. தள்ளுவண்டி, அலுமினிய அண்டா, கேஸ் அடுப்பு, அரை மூட்டைச் சோளம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்கவில்லை. "சீசன் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று வண்டியில் இருந்தவர் சொன்னதுதான் உத்தரவு.

அவருக்காக மனு எழுத உட்கார்ந்தபோது, இத்தனை ஆண்டுகள் அங்கே விற்றதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டேன். தினமும் சுங்கம் வசூலிப்பவர் கிழித்துத் தரும் ரசீதுகளை என்ன செய்தீர்கள்? "அதை வைத்துத்தானே தம்பி வீட்டில் அடுப்புப் பற்ற வைப்பேன்" என்றார். அந்த ரசீதுகள் எரியாமல் இருந்திருந்தால் பாதி வேலை அன்றைக்கே முடிந்திருக்கும்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேரூராட்சிகள் முன்பு 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் இயங்கின. 2023 ஏப்ரல் முதல், தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-உம் அதன் 2023 விதிகளும் நடைமுறையில் உள்ளன. நீலகிரியில் கேத்தி, ஜெகதளா, உலிக்கல், சோலூர், நடுவட்டம் ஆனாலும் சரி, பழனி மலையில் பண்ணைக்காடு ஆனாலும் சரி, அமைப்பு ஒன்றுதான். நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களும், அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த தலைவரும் கொண்ட மன்றம் ஒரு பக்கம், அரசு நியமித்த செயல் அலுவலர் இன்னொரு பக்கம். கட்டணம், ஏலம், கடை வாடகை ஆகியவை மன்றத்தில் தீர்மானமாக வரும். உங்கள் உரிமத்தில் கையெழுத்திடுபவர் செயல் அலுவலர்.

இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். "வார்டு உறுப்பினரிடம் சொல்லியிருக்கிறேன், தலைவரும் தலையாட்டிவிட்டார்" என்று நம்பிக் கடை திறக்கிறார்கள். தலையாட்டியதை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது. எதிர்ப் பக்கத்துக்கும் இதே விதிதான். "உங்கள் கடையை எடுக்கச் சொல்லி மன்றத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது" என்று யாராவது வந்து நின்றால், தீர்மான எண்ணையும் தேதியையும் கேளுங்கள், நகல் வேண்டும் என்று சொல்லுங்கள். பல நேரங்களில் அப்படி ஒரு தீர்மானமே இருக்காது.

இனி கடை வைத்திருப்பவர்கள் விழும் குழிகள். முதலாவது, தொழில் வரியைத் தொழில் உரிமம் என்று நினைப்பது. வர்க்கி போடும் பேக்கரிக்காரர் ஒருவர், எட்டு ஆண்டுத் தொழில் வரி ரசீதுகளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ஆய்வுக்கு வந்தவர்கள் உரிமம் எங்கே என்று கேட்டபோது அந்தச் சுவரைத்தான் காட்டினார். தொழில் வரி என்பது உங்கள் வருமானத்துக்காக அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அது கிடையாது. யாராக இருந்தாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்க அரசியல் சாசனமே இடம் தரவில்லை. தொழில் உரிமம் என்பது இந்த இடத்தில் இந்தத் தொழிலை நடத்தலாம் என்ற அனுமதி. ஒன்றைக் கட்டினால் மற்றது வந்துவிடாது. வரி கட்டும்போது கவுன்ட்டரில் இருப்பவர் இதைச் சொல்வதும் இல்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவும் தராசு முத்திரையும் வேறு துறைகளின் வேலை, அவற்றுக்குள் நான் இங்கே போகவில்லை. பேரூராட்சி உரிமம் இருந்தால் அவை வேண்டாம் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது குழி தேதி. பெரும்பாலான உரிமங்களில் கடைசித் தேதி மார்ச் 31. மலையில் ஏப்ரல்தான் சீசன் தொடக்கம். ஆய்வு, அபராதம், சீல் எல்லாம் ஏப்ரல், மே இரண்டு மாதங்களில்தான் மும்முரமாக நடக்கும். அதாவது சோதனை தொடங்கும் நாளில் உங்கள் காகிதம் காலாவதியாகி இருக்கும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள். மார்ச் கடைசியில் அலுவலகம் முழுவதும் வரி வசூலில் இருக்கும், உங்கள் கோப்பை யாரும் தொடமாட்டார்கள்.

மூன்றாவது குழிதான் என்னை அதிகமாகக் கோபப்படுத்துவது. கடை வாடகைக்கு எடுத்தவர் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டியிருப்பார். ஆனால் கட்டட உரிமையாளர் சொத்து வரியை நான்கு ஆண்டுகளாக நிலுவையில் வைத்திருப்பார். விண்ணப்பம் அங்கேயே நிற்கும். நிலுவைக்காரரிடம் வரியை வசூலிப்பது பேரூராட்சியின் வேலை. அதைச் செய்யாமல், உரிமம் கேட்டு வந்த வாடகைக்காரரை வசூலுக்கு அனுப்புவார்கள். உரிமையாளர் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருப்பார். இன்னும் சில இடங்களில் வரிப் புத்தகம் இறந்துபோன தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பேரன். இதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். நடப்பு ஆண்டு சொத்து வரி ரசீது, அதில் இருக்கும் பெயர், வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர், இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கூடவே கட்டட அனுமதி. மலையில் வீட்டுக்கென்று அனுமதி வாங்கிவிட்டுக் கீழ்த்தளத்தில் ஷட்டர் போட்டுக் கடையாக விடுவது சாதாரணம். வரைபட அனுமதியின் நகலை வாங்கி, அதில் வீடு என்று இருக்கிறதா, கடை என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2019-இல் கொடைக்கானலில் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் விதிமீறல் கட்டடங்களுக்குச் சீல் வைத்தபோது, உள்ளே வாடகைக்கு இருந்தவர்களின் பிழைப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது.

பேரூராட்சிக்குச் சொந்தமான கடைகள் வேறு கதை. அவை ஏலத்தில் போகும். ஏலம் எடுத்தவரிடமிருந்து உள்வாடகைக்கு எடுப்பவர்கள் ஏராளம். மாதாமாதம் கூடுதல் வாடகை கொடுப்பவர் நீங்கள். பேரூராட்சிப் பதிவேட்டில் இருப்பதோ அவர் பெயர். அவர் கட்டாமல் விட்டால் சீல் விழுவது உங்கள் சரக்கின் மீது. 2021-இல் உதகை நகராட்சி மார்க்கெட்டில் வாடகை நிலுவைக்காக நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சீல் வைத்ததை நீலகிரியில் யாரும் மறந்திருக்க முடியாது. உள்வாடகைக்காரருக்கு மனு கொடுக்கக்கூட ஒரு தகுதி இருக்காது. முடிந்தவரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இப்போது தெருக்கடைக்கு வருகிறேன். சோளம், கேரட், பஜ்ஜி, மாங்காய், குல்லா, ஸ்வெட்டர் என்று தள்ளுவண்டியிலும் தார்ப்பாய் விரித்தும் விற்பவர்களுக்கு நாடு முழுவதற்குமான ஒரு சட்டம் இருக்கிறது. தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014. "அது பெரிய ஊருக்கு, பேரூராட்சிக்குக் கிடையாது" என்று என்னிடமே ஒரு அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றும் அதில் அடக்கம்.

அந்தச் சட்டத்தில் உங்களுக்கு முக்கியமாக வேண்டிய வாசகம் ஒன்றுதான். வியாபாரிகளைக் கணக்கெடுத்து முடித்து, எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை, ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவர் எவரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. பிரிவு 3(3). சான்றிதழ் கொடுத்த பிறகும்கூட, எடுக்கச் சொல்ல வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் தர வேண்டும். பிரிவு 18. அந்த அக்காவுக்கு முப்பது நிமிடம்கூடத் தரவில்லை.

கணக்கெடுப்பு என்றதும் ஒரு எச்சரிக்கை. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது அது நடக்க வேண்டும். மலையில் அது ஜூலை மழையில் நடந்தால் என்ன ஆகும்? காற்றும் மழையும் அடிக்கும்போது பாதி வண்டிகள் தார்ப்பாய் மூடி நிற்கும். சரக்கு எடுக்க மேட்டுப்பாளையம் போனவர், ஊரில் துக்கத்துக்குப் போனவர், தேயிலை பறிக்கக் கூலிக்குப் போனவர் யாரும் பட்டியலில் வரமாட்டார்கள். "கணக்கெடுத்தபோது நீங்கள் இல்லை" என்ற ஒரு வாக்கியத்தில் பதினைந்து ஆண்டு வியாபாரம் அழிந்துவிடும். கணக்கெடுப்பு வருகிறது என்று காதில் விழுந்தால் வீட்டில் ஒருவரையாவது வண்டியோடு நிறுத்துங்கள். குடும்பத்தினர் விற்பதையும் சட்டம் ஏற்கிறது. விட்டுப்போயிருந்தால் அடுத்த வாரமே எழுதிக் கொடுங்கள், அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். ஸ்வநிதி கடனுக்காகப் பேரூராட்சி கொடுத்த பரிந்துரைக் கடிதத்தை விற்பனைச் சான்றிதழ் என்று நினைத்துப் பத்திரப்படுத்தியவர்கள் பலர். அந்தக் கடிதம் வங்கியில் முதல் தவணைக் கடன் வாங்க உதவும். அது முன்பு 10,000 ரூபாய், இப்போது 15,000. டிராக்டர் வந்து நிற்கும்போது அது சான்றிதழ் ஆகாது. ஆனால் நீங்கள் அங்கே விற்றதற்கு நல்ல ஆதாரம், ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். சுங்க ரசீதும் அப்படித்தான். தேதியோடு மாதத்துக்கு நான்கைந்து போதும், நூலில் கோத்து மாட்டிவிடுங்கள்.

பொருளை எடுத்துக்கொண்டு போனால் பட்டியல் தர வேண்டும், அதில் எடுத்தவரின் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். நீங்கள் கேட்டு, உரிய கட்டணம் கட்டியதும், கெடாத பொருளை இரண்டு வேலை நாட்களுக்குள்ளும், காய், பழம் போன்ற அழுகும் பொருளைக் கேட்ட அன்றைக்கேயும் திருப்பித் தர வேண்டும். பிரிவு 19. அந்த அக்காவின் அண்டாவும் வண்டியும் ஒன்பதாம் நாள் கிடைத்தன. சோளம் சாக்கோடு பூஞ்சை பிடித்திருந்தது. கேஸ் அடுப்பு வரவேயில்லை. பட்டியல் இல்லாததால், அடுப்பு இருந்தது என்பதையே நிரூபிக்க முடியவில்லை. வண்டியை ஏற்றும்போது ஒருவர் செல்போனில் படம் எடுத்திருந்தால் போதும்.

"அது நெடுஞ்சாலைத் துறை இடம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்பது மலையில் அதிகம் கேட்கும் பதில். நெடுஞ்சாலைத் துறைக்குப் போனால் "பேரூராட்சியைக் கேளுங்கள்" என்பார்கள். இந்த இரண்டு கதவுகளுக்கு நடுவே நடக்காதீர்கள். இடம் யாருடையது என்று பேரூராட்சியிடமே எழுத்தில் கேளுங்கள். 2014 சட்டப்படி தெருக்கடைகளுக்காக அமைய வேண்டிய நகர விற்பனைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் அதே மனுவில் கேளுங்கள். செயல் அலுவலர்தான் அதன் தலைவர். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். குழுவே கூடாத ஊரில் இந்தக் கேள்வி நன்றாக வேலை செய்யும்.

மனு கொடுக்கும் இடத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். "மேஜையில் வைத்துவிட்டுப் போங்கள்" என்பார்கள். போகாதீர்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை வைப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றால் காத்திருங்கள். செயல் அலுவலர் இல்லை, பக்கத்துப் பேரூராட்சிக்கும் அவரே கூடுதல் பொறுப்பு, வியாழக்கிழமைதான் வருவார் என்றாலும் மனுவை வாங்குவதற்கு அவர் தேவையில்லை. வாங்க மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை மனுவின் பின்னால் குத்திவையுங்கள். உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் மறுத்ததற்கு மேல்முறையீடு செய்ய முடியாது.

ஒரு மாதம் அசைவு இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, என் இந்தத் தேதி மனு இன்று யாருடைய மேஜையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பத்துக் கேள்வி எழுதினால் பத்துக்கும் சேர்த்து ஒரு மழுப்பல் வரும். திங்கள்கிழமை உதகையில் மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். ஆனால் அந்த மனு சுற்றி வந்து அதே செயல் அலுவலரிடம்தான் விசாரணைக்கு வரும். முத்திரை வாங்கிய பழைய மனுவின் நகலை அதோடு இணைக்காவிட்டால் "மனுதாரர் இதுவரை விண்ணப்பிக்கவில்லை" என்று முடித்துவிடுவார்கள்.

மனுவை நீளமாக எழுத வேண்டாம். அந்த அக்காவுக்கு எழுதியது இவ்வளவுதான்: "நான் இந்த இடத்தில் இந்த ஆண்டு முதல் மக்காச்சோளம் விற்று வருகிறேன். இந்தத் தேதியில் காலை இத்தனை மணிக்கு என் வண்டியும் கீழ்க்கண்ட பொருட்களும் முன்னறிவிப்பின்றி எடுக்கப்பட்டன. பட்டியல் தரப்படவில்லை. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 3(3), 18, 19-இன்படி பொருட்களைத் திருப்பித் தரவும், என்னைக் கணக்கெடுப்பில் சேர்த்து விற்பனைச் சான்றிதழ் வழங்கவும், எந்த உத்தரவின்படி எடுத்தீர்கள் என்பதன் நகலைத் தரவும் கேட்டுக்கொள்கிறேன்." கீழே பொருட்களின் பட்டியல், கையெழுத்து, தேதி.