தொட்டிக்குள் இறங்கியவரை எப்படி மேலே தூக்குவீர்கள்?

திருப்பூர் வட்டாரத்தில் சாயப்பட்டறைகளுக்கு வரைபடம் போடுவதும், அனுமதி விண்ணப்பங்களைத் தயார் செய்வதும் என் தொழில். புதிதாக யூனிட் போட வருகிறவர்கள் ஷெட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். மெஷின் எங்கே, பாய்லர் எங்கே, லாரி எப்படித் திரும்பும் என்று. கழிவுநீர்த் தொட்டி காம்பவுண்டு ஓரத்தில் ஒரு வெறும் கட்டமாகக் கிடக்கும். போன மாதம் வந்தவரின் தாளிலும் அப்படித்தான். பன்னிரண்டு அடி ஆழத் தொட்டி, மேலே முழுக்கக் கான்கிரீட், ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி மூடி.

"இதுக்குள்ள எறங்குன ஆள் மயங்கி விழுந்துட்டா எப்படிங்க மேல தூக்குவீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள யாருங்க எறங்கப் போறாங்க?" என்றார்.

இறங்குவார்கள். நூலும் பஞ்சும் சுற்றி மோட்டார் அடைத்துக்கொள்ளும். அடியில் சேறு ஏறும். லீவு முடிந்து பட்டறை திறக்கும் நாளில் எல்லாமே அவசரம்.

அந்த லீவுதான் எனக்குப் பெரிய பயம். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு நம் ஊரில் கிளாபர் உப்பு கொட்டுகிறோம். அது சோடியம் சல்பேட். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்விட, காற்று செலுத்தும் புளோயரையும் நிறுத்திவிடுவார்கள். ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் வாழும் பாக்டீரியா அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும். காற்றைவிடக் கனமான வாயு. தொட்டியின் அடியிலேயே தங்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கால் வைத்துச் சேற்றைக் கலக்கியதும் கிளம்பும்.

முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கினால், சில நிமிடங்களில் மூக்கு மரத்துப் போய்விடும். அதனால் "நாத்தம் போயிருச்சு, எறங்கலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அவரைப் பிடித்து நிறுத்துங்கள்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு யூனிட்டில், விபத்து நடந்த மறுநாள் போய்ப் பார்த்தேன். மோட்டார் அடைப்பை எடுக்க ஒருவர் இறங்கியிருக்கிறார். அவர் சத்தம் கொடுக்காததால் இன்னொருவர் இறங்கியிருக்கிறார். இருவருமே பிழைக்கவில்லை. பம்ப் ரூம் சுவரில் பாதுகாப்புக் கயிறும் பெல்ட்டும் தொங்கின, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். இன்ஸ்பெக்‌ஷனுக்காக வாங்கி மாட்டியவை. உறை பிரித்திருந்தாலும் அந்தத் தொட்டியில் என்ன பயன் என்று யோசித்தேன். மூடிக்கு மேலேயே குழாய் லைன் போகிறது. ஆளைக் கயிற்றில் தூக்கும் முக்காலியை நிறுத்த இடமில்லை.

இறங்குவதற்கு என்னென்ன வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு தெளிவாகவே எழுதிவைத்தது. முதலில் வாயுவை வெளியேற்ற முடிந்ததையெல்லாம் செய்ய வேண்டும். பிறகு, தகுதியுள்ளவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவியும் பெல்ட்டும் அணிந்து, கயிற்றின் மறுமுனை வெளியே ஒருவர் கையில் இருக்க வேண்டும். இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. எந்தச் சட்டத்தின் கீழ் ஃபைல் போனாலும் இதில் ஒன்றையும் குறைக்காதீர்கள்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைக் கழிவுநீர்க் குட்டையாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் ஒரு சொட்டுகூட வெளியேறாத சுத்திகரிப்புதான் வழி என்றானது. ஆற்றுக்கும் கீழேயிருந்த விவசாயிகளுக்கும் அது கட்டாயம் செய்ய வேண்டிய நியாயம். ஆனால் அன்று வாய்க்காலில் போன நீரும் சேறும் இன்று காம்பவுண்டுக்குள் தொட்டி தொட்டியாக நிற்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஃபைலில் அந்தத் தொட்டி இத்தனை கிலோலிட்டர். தொழிலகப் பாதுகாப்பு இயக்கக ஃபைலில் அது ஒரு கட்டம். மனிதன் இறங்கும் இடம் என்று அதை யார் வரைகிறார்கள்? அதை வரைய வேண்டியது என்னைப் போன்றவர்கள்தான், அதுவும் கான்கிரீட் போடுவதற்கு முன்னால்.

1974 நீர்ச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி, தொழில் நிறுவ எந்த நடவடிக்கை எடுப்பதற்கும் முன்பே வாரியத்தின் இசைவு வாங்க வேண்டும். ஷெட்டைப் போட்டுவிட்டு வருகிறவர்களிடம் நான் சண்டை போடுவது சட்டத்துக்காக மட்டுமில்லை. கட்டி முடித்த தொட்டியில் எதை மாற்ற முடியும்?

அன்று வந்தவரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். மோட்டாரை மேலிருந்தே சங்கிலியால் இழுக்க வழிகாட்டிக் கம்பிகள் வைத்தோம். சேறு ஓரிடத்தில் சேர அடித்தளத்தைச் சரிவாக்கினோம். சேற்றை உறிஞ்சும் லாரி பக்கத்தில் வர வழி விட்டோம். இவ்வளவும் செய்தால் ஆள் இறங்கும் தேவையே பெரும்பாலும் வராது. அப்படியும் வந்தால் காற்று ஓட வேண்டும் என்பதற்காக எதிரெதிர் மூலையில் இரண்டு திறப்புகள், பெரிய மூடியைச் சுற்றி முக்காலி நிற்க வெற்றிடம்.

"செலவு ஏறுமுங்களே" என்றார். ஏறும் என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொட்டிக்கு மேலே போட்டிருந்த குழாய் லைனை அவரே பென்சிலால் அடித்துவிட்டு, சுவரோரமாக வேறு கோடு போட்டார்.