லேமினேஷனுக்குக் கொடுப்பதற்கு முன்

எழுத்தாளர்கள், ஓவியர்களின் கையெழுத்துக் கடிதங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள், தாள் பாதுகாப்புப் பணியில் இருக்கும் எங்களிடம் பெரும்பாலும் காலம் தாழ்ந்தே வருகிறார்கள். கடிதம் அதற்குள் லேமினேஷன் செய்யப்பட்டிருக்கும். என் அனுபவத்தில், கரையானைவிட இந்த அக்கறைதான் அதிகக் கடிதங்களைக் கெடுத்திருக்கிறது.

லேமினேஷனின்போது சூட்டில் உருகும் பசை தாளின் இழைகளுக்குள் இறங்கிவிடுவதால், பின்னாளில் பிளாஸ்டிக்கைப் பிரிக்க முயன்றால் மையும் தாளின் மேற்பரப்பும் சேர்ந்தே உரிந்து வரும். தாளுக்குள் இருக்கும் அமிலமும் வெளியேற வழியின்றித் தன் வேலையைத் தொடரும். (ஆவணக் காப்பகங்களே ஒரு காலத்தில் செல்லுலோஸ் அசிடேட் படலத்தால் தாள்களை மூடி வந்தன என்பதால், சேகரிப்பாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.) செலோடேப்பும் இதற்குச் சளைத்ததன்று, நாடா உதிர்ந்த பிறகும் அதன் பசை பழுப்புக் கறையாகத் தாளிலேயே தங்கிவிடும். கிழிசலை ஒட்டியே ஆக வேண்டுமென்றால் கோதுமை மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் போதும். ஆனால் அதையும் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். ஏனெனில் பசையின் ஈரமே சில எழுத்துகளுக்கு ஆபத்து. காப்பியிங் பென்சிலால் (சாயம் கலந்த பழைய வகைப் பென்சில்) எழுதிய வரி ஒரு துளி நீரில் ஊதாவாகக் கரைந்துவிடும். மாசிக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்ந்த பழைய மையோ, ஈரம் பட்டால் தாளை இன்னும் வேகமாக அரிக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. துருப்பிடிக்கும் குண்டூசியையும் கிளிப்பையும் எடுத்துவிட்டு, மடிப்பைப் பிரித்து, அமிலமற்ற தாளுறையில் வைத்து, வெயிலும் ஈரமும் படாத பெட்டியில் கிடத்துங்கள். சட்டமிட்டு மாட்ட விரும்பினால் நகலை மாட்டுங்கள்.

அஞ்சல் உறையைத் தூக்கி எறியாதீர்கள். வான்கோ தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்கள் பலவற்றில் தேதியே இல்லை. அவற்றை வரிசைப்படுத்த ஆய்வாளர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. இத்தகைய கடிதங்களுக்கு உறைமேல் உள்ள முத்திரையே பல சமயம் ஒரே சான்று. ஒருவர் சேர்த்துவைத்த கடிதக் கட்டைப் பிரித்து, பெயர் பெற்றவரின் கடிதத்தை மட்டும் விற்கும் வணிகத்தையும் என்னால் ஏற்க முடிவதில்லை. உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களை, எழுதியவரின் புகழைப் பார்க்காமல் கட்டிக்காத்தார். 1877 முதல் 1900 வரையிலான அக்கடிதங்கள் 2018இல் நூலாக வந்தபோது, பிரபலமல்லாதவர்களின் கடிதங்களும் அக்காலப் பதிப்பு வரலாற்றின் சான்றுகளாயின.

போலிகளை அடையாளம் காணக் கையெழுத்து ஒப்பீடு மட்டும் போதாது. தாளையும் அஞ்சல் வரலாற்றையும் கேளுங்கள். இந்தியாவில் அஞ்சலட்டை 1879இல்தான் வந்தது. இன்லண்ட் கடிதம் 1950இல். ஆகவே 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் இன்லண்ட் கடிதம் என்று ஒருவர் நீட்டினால், மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. முகவரியில் பின்கோடு இருந்தால் அது 1972ஆம் ஆண்டு ஆகஸ்டுக்குப் பிற்பட்டது. புற ஊதா விளக்கின் கீழ் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால், அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. அவ்வகைத் தாள் 1950களையொட்டியே புழக்கத்துக்கு வந்தது என்பதால், பாரதியின் பெயரில் அது வந்தால் ஐயப்பட வேண்டும். சோதனைகளில் தேறினாலும், கடிதம் யாரிடமிருந்து யார் கைக்கு மாறி வந்தது என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையும் இலக்கிய அல்லது வரலாற்று மதிப்பும் உள்ள கையெழுத்துப் பிரதியைத் தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. மேலும், தாளை விலைக்கு வாங்குவதால் அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை உங்களுடையதாகிவிடாது. இதுவரை அச்சேறாத கடிதமாக இருந்தால், எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த உரிமை நீடிக்கக்கூடும் என்பதால், முழுக் கடிதத்தையும் படமெடுத்து முகநூலில் இடுவதற்கு முன் வாரிசுகளின் ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.