தோட்டத்துக்கு முதல் குழி

நர்சரியில் பளபளவென்று நின்ற செடி, வீட்டில் நட்ட சில வாரங்களில் மஞ்சளாகித் துவள்கிறது. தண்ணீர் போதவில்லை போலும் என்று இன்னும் ஊற்றுகிறோம். இன்னும் சீக்கிரம் சாகிறது. வேரும் சுவாசிக்கும். மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் தேங்கினால், ஆக்சிஜன் கிடைக்காமல் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் சொதசொதவென்ற ஈரத்தில் நின்றபடியே செடி வாடுகிறது.

ஆகவே புதுத் தோட்டம் போடுகிறவர் முதலில் தோண்ட வேண்டியது ஒரு சோதனைக் குழி. அகலம் 30 செ.மீ., ஆழம் 30 செ.மீ. அதில் நீரை நிரப்பி முழுக்க வடியவிடுங்கள். இது காய்ந்த மண்ணை நனைக்க மட்டும், கணக்கில் சேராது. மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2.5 முதல் 7.5 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு ஏற்ற மண். அதற்கும் குறைவென்றால் வடிகால் சரியில்லை. 10 செ.மீ.க்கு மேல் போனால் ஊற்றிய தண்ணீர் தங்காது. புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றி ஒரு குழி போதாது. லாரி ஏறி இறுகிய இடமும் அதற்கு இரண்டடி தள்ளி இருக்கும் மண்ணும் ஒன்றுபோல் இருக்காது.

வடியாத களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கொட்டிக் கிளறுவது பலரும் செய்யும் தவறு. களித் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. மணல் பருக்கைகளின் சந்துகளை அது அடைத்துக்கொள்ள, காய்ந்ததும் எல்லாம் சேர்ந்து பாறைபோல் இறுகும். அங்கே வேலை செய்வது மட்கிய உரம். களித் துகள்களைச் சிறு கட்டிகளாகச் சேர்த்து, நடுவே காற்றுக்கும் நீருக்கும் வழி விடும். 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, 15–20 செ.மீ. ஆழம்வரை கொத்திக் கலக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 50 லிட்டர் ஆகும். 10 சதுர மீட்டர் பாத்திக்கு 500 லிட்டர். இரண்டு மூட்டையில் முடிகிற காரியம் இல்லை. மண் ஈரமாக இருக்கும்போது கொத்தவே கூடாது. ஒரு பிடி எடுத்து உருட்டி விரலால் தட்டுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் கொத்தலாம், பிசைந்த மாவுபோல் அமுங்கினால் இரண்டு நாள் பொறுங்கள்.

மரக்கன்று நடும் குழியில் மட்டும் நல்ல மண்ணை நிரப்புவதும் ஆபத்து. சுற்றிலும் களி, நடுவில் பொலபொலப்பு என்றால் அந்தக் குழி தொட்டியாகித் தண்ணீரைத் தேக்கிவிடும். எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். குழியின் ஆழம் வேரோடு வந்த மண்கட்டியின் உயரம்தான். அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு.

மண் தெரிந்தபின் வெயில். காலை 9, நண்பகல், மாலை 3 மணிக்கு நிழல் விழும் ஓரங்களில் முளை அடித்து வையுங்கள். காய்கறிக்குக் குறைந்தது 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். பருவம் மாறினால் நிழலும் நகரும் என்பதால், ஒரே நாள் பார்த்ததை நம்பி மரத்தின் இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

இனி காகிதத்தில் கோடு போடலாம். பாத்தியின் அகலம் 1.2 மீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கத்திலிருந்து கை எட்டுவது சுமார் 60 செ.மீ.தான். சுவரை ஒட்டிய பாத்திக்கு அந்த 60 செ.மீ.யே எல்லை. கை எட்டாவிட்டால் களையெடுக்கப் பாத்திக்குள் இறங்குவோம், கொத்திப் பதப்படுத்திய மண் காலடியில் மீண்டும் இறுகும். நடைபாதைக்கு 60 செ.மீ. போதும், தள்ளுவண்டி போக வேண்டிய பாதைக்கு 90.