சிக்னல் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியர்: மறையாக்கம் எதைக் காக்கும், எதைக் காக்காது?

2025 மார்ச் 15 அன்று அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி காலை 11.44 மணிக்கு, ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் மீது அமெரிக்கா நடத்தவிருந்த வான்தாக்குதலின் கால அட்டவணை ‘தி அட்லாண்டிக்’ இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க்கின் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத். எஃப்-18 விமானங்கள் 12.15க்குக் கிளம்பும் என்றும், 1.45க்கு முதல் தாக்குதலுக்கான நேரம் தொடங்கும் என்றும் அதில் இருந்தது. ஒரு பல்பொருள் அங்காடியின் வாகன நிறுத்தத்தில் காருக்குள் அமர்ந்து, இது மெய்தானா என்று கோல்ட்பெர்க் காத்திருந்தார். 1.55 மணியளவில் சமூக ஊடகத்தைப் பார்த்தபோது, ஏமன் தலைநகர் சனாவில் குண்டுகள் வெடிப்பதாகச் செய்திகள் வந்துகொண்டிருந்தன.

அமெரிக்க அரசின் உயர் பொறுப்பாளர்கள் தாக்குதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு குழுவில் கோல்ட்பெர்க் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். உரையாடல் நடந்தது சிக்னல் என்ற செய்திச் செயலியில். செய்தி வெளியானதும் பலர் அந்தச் செயலியின் மீதே சந்தேகப்பட்டார்கள். உண்மையில் அது தன் வேலையைப் பிசகின்றிச் செய்தது என்பதுதான் இந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டிய செய்தி.

சிக்னலின் வேலை மறையாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது. இதை ‘முனைக்கு முனை’ மறையாக்கம் என்பார்கள். சிக்னலில் ஒவ்வொரு பயனரிடமும் வெளியே போகாத ஒரு தனிச் சாவியும், யாருக்கும் கொடுக்கக்கூடிய ஒரு பொதுச் சாவியும் இருக்கும். தனிச் சாவி என்பது ஒரு மிகப் பெரிய ரகசிய எண். கர்வ்25519 என்ற வளைகோட்டின் மீது அனைவரும் அறிந்த ஒரு புள்ளியில் தொடங்கி, அந்த எண் சொல்லும் அத்தனை முறை தாவிச் சென்று நிற்கும் இடமே பொதுச் சாவி. தொடங்கிய இடமும் நின்ற இடமும் தெரிந்திருந்தாலும், இடையில் எத்தனை தாவல்கள் என்று கண்டுபிடிக்க இன்றைய கணினிகளால் இயலாது. இருவர் தத்தம் பொதுச் சாவிகளை மாற்றிக்கொண்டு, அடுத்தவர் நின்ற இடத்திலிருந்து தம் எண்ணின்படி தாவினால் இருவரும் ஒரே இடத்தில் போய்ச் சேர்வார்கள். நடுவில் ஒட்டுக்கேட்பவருக்கு அந்த இடம் தெரியாது. அதிலிருந்து பிறக்கும் 256 பிட் (0 அல்லது 1 ஆக 256 இலக்கங்கள் கொண்ட) சாவியை ஊகித்தே பிடிக்க முயல்பவர், 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணின் அளவுக்குச் சாவிகளைச் சோதிக்க வேண்டும். போதாததற்கு, பின்னோக்கிச் சுழலாத பற்சக்கரம்போல ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறிக்கொண்டே போவதால், இன்றைய சாவி ஒருவரிடம் சிக்கினாலும் அதைக்கொண்டு நேற்றைய செய்தியைத் திறக்க முடியாது.

ஆனால் இந்தக் கணிதம் காப்பது வழியை மட்டுமே. வழியின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதைப் பற்றி அதற்கு எந்தக் கருத்தும் இல்லை. ஒருவர் குழுவில் சேர்க்கப்பட்டதும், மற்ற உறுப்பினர்களின் கைபேசிகள் அவருடைய பொதுச் சாவியைப் பெற்று, அவராலும் திறக்க முடியும்படியே இனிவரும் செய்திகளைப் பூட்டத் தொடங்குகின்றன. குழுவை உருவாக்கிய, அப்போதைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸின் கைபேசியில், ஒரு செய்தித் தொடர்பாளரின் பெயருக்குக் கீழே கோல்ட்பெர்க்கின் எண் சேமிக்கப்பட்டிருந்ததாகவும், பகிரப்பட்ட ஒரு மின்னஞ்சலின் கையொப்பத்தில் இருந்த எண்ணைக் கைபேசியே பரிந்துரைத்ததால் அவ்வாறு நேர்ந்ததாகவும் வெள்ளை மாளிகையின் உள் விசாரணையை மேற்கோள் காட்டிச் செய்திகள் வந்தன. ஆக, பிழை கணிதத்தில் இல்லை, முகவரிப் புத்தகத்தில் இருந்தது. ஆளை உறுதிசெய்ய சிக்னல் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்றைத் தருகிறது. இருவரும் நேரில் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதற்குப் பயன் உண்டு. குழுவில் ‘ஜேஜி’ என்று தெரிந்த பெயர் யாருடையது என்று துணை அதிபர் உட்பட ஒருவரும் கேட்கவில்லை.

ரகசியத் தகவல்களுக்கென அமெரிக்க அரசு வைத்திருக்கும் சொந்த ஏற்பாடுகள் தடுப்பது இதைத்தான். சிப்ர்நெட் எனப்படும் ராணுவ வலையமைப்பு பொது இணையத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அனுமதி பெற்றவர்கள், அதற்கென ஒதுக்கப்பட்ட கணினிகளில்தான் நுழைய முடியும். அதைவிட உயர்ந்த ரகசியங்களைப் பேசும் அறைகளுக்குள் சொந்தக் கைபேசியைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே யாரும் தவறுதலாக ஒரு தொலைபேசி எண்ணைச் சேர்த்துவிட வழியில்லை, ஏனெனில் தொலைபேசி எண் அங்கே அடையாளமே அல்ல. பதவியில் இருப்பவர்களுக்கு இது எரிச்சலூட்டும் ஏற்பாடுதான், ஆனால் அந்த எரிச்சலில்தான் பாதுகாப்பே இருக்கிறது.

வழியே பலவீனமாக இருந்த நேர்மாறான நிகழ்வும் உண்டு. 2024 பிப்ரவரியில் ஜெர்மன் விமானப்படை அதிகாரிகள் டாரஸ் ஏவுகணை பற்றி வெப்எக்ஸ் என்ற இணையவழிக் கூட்டச் செயலி வழியாகப் பேசிய 38 நிமிட ஒலிப்பதிவை மார்ச் 1 அன்று ரஷ்ய ஊடகத்தினர் வெளியிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து கலந்துகொண்ட ஒருவர் அனுமதிக்கப்படாத இணைப்பைப் பயன்படுத்தியதே காரணம் என்று ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சர் போரிஸ் பிஸ்டோரியஸ் விளக்கினார்.

அமெரிக்கக் கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. குறித்த நாட்களில் தானாக அழியும்படி அந்தக் குழுவின் செய்திகளில் சில அமைக்கப்பட்டிருந்தன. அரசுப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்ற சட்டத்தோடு இது மோதியது. ஏப்ரல் இறுதியில் நடந்த அமைச்சரவைக் கூட்டத்தின் புகைப்படம் ஒன்றில், வால்ட்ஸின் கைபேசியில் டெலிமெசேஜ் என்ற நிறுவனம் திருத்தியமைத்த சிக்னல் தெரிந்தது. வரும் செய்தி ஒவ்வொன்றின் நகலையும் ஆவணக் கிடங்குக்கு அனுப்புவது அதன் வேலை. முனைக்கு முனை என்ற ஏற்பாட்டில் இதனால் மூன்றாவது முனை ஒன்று முளைத்துவிட்டது. சில நாட்களுக்குள் ஊடுருவியவர்கள் அந்நிறுவனத்தின் வழங்கியிலிருந்து (சர்வர்), பூட்டப்படாத நிலையில் கிடந்த சில பயனர்களின் செய்திகளை எடுத்துவிட்டார்கள்.